செருப்பு போட்டுக்கிட்டு மாவு அரைக்கணுமா?

வாடகை வீட்டில் குடியிருப்பவள் நான். மூன்று மாதமாக கிரைண்டரில் மாவைத் தள்ளிவிடும்போதெல்லாம் விரலில் 'சுர்'ரென்று இழுக்கும். வீட்டு ஓனர் அம்மாவிடம் சொன்னேன். "ஈரக் கையோட தொட்டா அப்படித்தாம்மா இருக்கும், செருப்பு போட்டுக்க" என்றார். என் கணவரும் அதையேதான் சொன்னார். சமையலறைக்குள் செருப்பு போட்டே பழக்கமில்லாத நான், மாவு அரைக்கவென்றே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

ஒரு நாள் என் ஏழு வயதுப் பெண் வெறுங்காலோடு ஃபிரிட்ஜைத் திறந்தவள், வீலென்று கத்திக் கையை உதறினாள். கிரைண்டர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மெயினை அணைத்துவிட்டு நானே போய் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன்.

ஃபிரிட்ஜில் கோளாறே இல்லையாம்; கிரைண்டர் மோட்டாரில்தான் கசிவு. எல்லா மூணு பின் பிளக்குக்கும் வருகிற எர்த் வயர் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால், இதில் கசிந்த கரண்ட் அதற்கும் போயிருக்கிறது. மண்ணுக்குள் இறங்க வேண்டியது ஏன் வீட்டுக்குள் சுற்றியது? வீடு கட்டியபோது எர்த்துக்கென்று குழி எடுக்காமல், வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டிருக்கிறார்கள். குழாய் பூமிக்குள் போனதால் ஏதோ ஓடியது. போன வருடம் குழாய் துருப்பிடித்துவிட்டதென்று ஓனர் பிளாஸ்டிக் குழாய் போட்டார். பிளாஸ்டிக்கில் கரண்ட் போகுமா? சுவரோரம் மிச்சமிருந்த ஒரு முழ இரும்புத் துண்டில் வயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது!

மோட்டாரைச் சரி செய்து, கொல்லையில் குழி தோண்டி பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தார். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டினார். அந்த அளவு கசிந்தாலே கண் மூடித் திறப்பதற்குள் கரண்டைத் துண்டித்துவிடுமாம். சிலர் குழி வெட்டச் சோம்பல்பட்டு பிளக்கிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிந்துவிடுவார்களாம். "நியூட்ரல் அறுந்துச்சுன்னா மிஷின் பூராவும் கரண்ட் ஏறிடும், யாரையும் அப்படிச் செய்ய விடாதீங்கம்மா" என்றார்.

செலவை யார் ஏற்பது என்று ஓனர் அம்மாவோடு ஒரு வாரம் இழுபறி. பாதியை வாடகையில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார்.

வீடு பார்க்கப் போனால் தண்ணீர் வருமா, துணி காயப்போட இடம் உண்டா என்றெல்லாம் துருவிக் கேட்கிற நாம், எர்த் இருக்கிறதா என்று ஒருத்தியாவது கேட்டிருக்கிறோமா? ஈரக் கையும் ஈரத் தரையுமாக நிற்பது நாம்தானே! ஷாக் அடித்தால் அதை நம் கையின் குற்றம் என்று சொல்ல விடலாமா? நானும் மூன்று மாதம் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன், அதுதான் எனக்கு ஆத்திரம்.

வெயில் காலத்தில் எர்த் குழி காயக் கூடாதாம். துளசிக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு குடம் ஊற்றுகிறேன்.

- ஒரு வாசகி, திருச்சி