முதலைக்குக் காசு, கண்ணுக்கு இல்லை

பெருநாள் வந்தால் நம் பிள்ளைகளின் முகத்தில் முதலையும் வந்துவிடுகிறது. கறுப்புக் கண்ணாடி, காதில் மாட்டும் காலில் சின்னதாக ஒரு முதலை. அது யாருடையது என்று வகுப்பில் கேட்டோம். "கம்பனிட மார்க் சேர்" என்றான் ஒருவன்.

அது ஒரு ஆளின் பட்டப்பெயர். ரெனே லகோஸ்ட், பிரெஞ்சு டென்னிஸ் வீரர். ஜெயித்தால் முதலைத்தோல் பெட்டி வேண்டும் என்று அணித்தலைவரோடு பந்தயம் கட்டினார். பத்திரிகைகள் பெயர் வைத்துவிட்டன. 1925இலும் 1928இலும் விம்பிள்டனை வென்றார். நீளக்கைச் சட்டை ஆட்டத்துக்கு இடைஞ்சல் என்று கட்டைக்கைச் சட்டை போட்டார், 1933இல் அதையே வியாபாரமாக்கினார். வெயிலில் ஓடுகிறவனின் வசதியை யோசித்த மனிசன். இன்று அந்தப் பெயரில் வரும் கண்ணாடியைச் செய்வதோ, உரிமம் வாங்கிய மார்ச்சொன் என்ற வேறொரு கம்பனி.

நாம் யோசனையை விட்டுவிட்டு முதலையைப் பிடித்துக்கொண்டோம். அதுவும் நடைபாதைப் போலி முதலை. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்பு லென்ஸ் வெறுங்கண்ணைவிடக் கேடாகலாம்: இருட்டில் கண்மணி விரியும், கதிர் கூடுதலாக உள்ளே போகும். 'யூவி 400' என்று ஸ்டிக்கர் ஒட்ட எத்தனை சதம் செலவாகும்? கண்ணாடிக் கடையில் மீற்றர் வைத்துப் பார்க்கலாம். யார் பார்க்கிறோம்?

கடலிலும் வயலிலும் வெயில் குடித்த வாப்பாமாரின் கண்ணில் சதை வளர்ந்து கிடக்கிறது. அவர்களுக்கு முதலை வேண்டாம், கதிரைத் தடுக்கிற ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அவர் போட்டுக்கொண்டு வந்தால் "வாப்பா ஸ்டைல் காட்டுறார்" என்று சிரிப்பதும் நாம்தான்.