நாலு அலைநீளமா, நாலு முகடா?

போன மாதம் ஒரு ராத்திரி, மணி பதினொன்றரை. லேப்பில் நானும் ஏசியும் மட்டும். போலரைசேஷன் கண்ட்ரோலரின் மிக்கி மவுஸ் காதுகளை மூன்று மணி நேரமாகத் திருகிக் கொண்டிருந்தேன். திடீரென்று ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையில் கோபுரம் மாதிரி நாலு முகடுகள்! மறுநாளே ரிவ்யூ ஸ்லைடில் "நான்கு அலைநீளத் துடிப்பு லேசர்" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும் சீனியர் அண்ணன் ஒருவர் மெதுவாகக் கேட்டார், "டேய், ஒவ்வொண்ணையும் தனியா ஃபில்டர் பண்ணிப் பாத்தியா?"

ஙே என்று முழித்தேன்.

லேசர் பக்கம் வராதவர்களுக்காக ஒரு பத்தி. எங்கள் லேசர் ஒரு ஃபைபர் வளையம், சுமார் 20 மீட்டர். அதில் கொஞ்ச தூரம் எர்பியம் கலந்த ஃபைபர். 980 நானோமீட்டர் டையோடு அதற்குத் தீனி போடும். அது 1550 நானோமீட்டர் வாக்கில் ஒளியைப் பெருக்கும். நடுவில் கிராஃபீன் மாதிரி ஒரு பொருள். மங்கலான ஒளியை விழுங்கிவிட்டு, பலமாக வருவதை மட்டும் வழிவிடும். அதனால் ஒளி சீராக ஓடாமல் ஒரு குட்டித் துடிப்பாகத் திரண்டு சுற்ற ஆரம்பிக்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 98 நானோசெகண்ட், அதாவது செகண்டுக்கு ஒரு கோடிச் சொச்சம் துடிப்புகள். இதுதான் மோட்-லாக்கிங்.

இதே வளையத்தில் ஒரே நேரத்தில் பல நிறத் துடிப்புகளை ஓடவைப்பதுதான் நம்ம கதை. (நிறம் என்பது சும்மா மரியாதைக்கு. இந்த அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது.) எர்பியம் இதற்கு லேசில் ஒத்துக்கொள்ளாது. அறை வெப்பநிலையில் அது ஹாஸ்டல் மெஸ் சாம்பார் அண்டா மாதிரி, எல்லா நிறத்துக்கும் ஒரே அண்டா. முந்திக் கொண்ட நிறம் வழித்துக் கொண்டு போய்விடும், மற்றது பட்டினி. ஃபைபரைத் திரவ நைட்ரஜனில் முக்கி 77 கெல்வினுக்குக் குளிரவைத்து அண்டாவைத் தனித்தனிக் கிண்ணமாக்கியவர்களும் உண்டு. எங்களுக்கு அந்த வசதி ஏது! வளையத்தில் ஒரு சீப்பு ஃபில்டர் வைத்தோம். ஒரு போலரைசரும் ஒரு மீட்டர் இரட்டைவிலகல் ஃபைபரும் போதும், கிட்டத்தட்ட 5 நானோமீட்டருக்கு ஒரு பல் கிடைக்கும்.

வில்லனே இந்தச் சீப்புதான். ஒரே ஒரு அகலமான துடிப்பை இதில் வாரினாலும் திரையில் பல முகடு தெரியும். துடிப்பே இல்லாமல் சும்மா தொடர்ந்து எரியும் ஒளியும் ஒரு முகடாக நிற்கும். ஸ்பெக்ட்ரம் அனலைசர் கோடிக்கணக்கான சுற்றுகளைக் கூட்டிச் சராசரி காட்டும் ஆசாமி. எது துடிப்பு, எது வெறும் ஒளி என்று அதற்குத் தெரியாது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சாதா ஃபைபரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு வேகம். ஒரு நானோமீட்டர் வித்தியாசத்துக்கு ஒரு கிலோமீட்டரில் 17 பிகோசெகண்ட் பின்தங்கும். 10 நானோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு துடிப்புகள் எங்கள் 20 மீட்டரில் சுற்றுக்கு 3.4 பிகோசெகண்ட் பிரியும். ஆக, செகண்டுக்கு ஓடும் சுற்றுகளில் சுமார் 350 வித்தியாசம் வரும். போட்டோடயோடை ரேடியோ அலைவரிசை அனலைசரில் செருகினால் தனித்தனிக் கோடாகத் தெரியவேண்டும். சில சமயம் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் ஓடும் என்பதால், தனித்தனியாக ஃபில்டர் பண்ணி ஆஸிலோஸ்கோப்பிலும் பார்க்கவேண்டும்.

பார்த்தேன். நாலில் இரண்டுதான் துடிப்பு. மற்ற இரண்டும் சும்மா எரிந்து கொண்டிருந்தன.

இதனால் என் கட்சி இதுதான்: தனித்தனியாகச் சோதித்துக் காட்டாத எண்ணிக்கையைத் தலைப்பில் போடக்கூடாது. அவன் ஐந்து எடுத்தான், நான் ஏழு எடுக்கிறேன் என்கிற ஓட்டமே எனக்குப் பிடிபடவில்லை. ஏழு யாருக்கு? டெலிகாமுக்கு என்பார்கள். அங்கே சேனல்கள் 0.8 நானோமீட்டர் போன்ற இடைவெளிகளில் ஆடாமல் அசையாமல் நிற்கவேண்டும். மேஜையில் டீ கிளாஸை வைத்தால் என் முகடுகள் இடம் மாறுகின்றன! சேனலுக்கு ஒரு குறைகடத்தி லேசர் வைத்து அவர்கள் வேலையை முடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்த இரண்டு இருக்கிறதே, அது சாதாரணமில்லை. ஒளிச் சீப்புகளுக்காக ஹாலும் ஹென்ஷும் 2005-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அப்படி இரண்டு சீப்புகளைக் கொஞ்சம் வேறுபட்ட வேகத்தில் ஓடவிட்டால் ஒரு வாயுவின் நிறமாலையையே ரேடியோ அலைவரிசைக்கு இறக்கிப் படிக்கலாம். வழக்கமாக இதற்கு இரண்டு லேசர்கள், அவற்றைக் கட்டிப்போட ஒரு அலமாரி எலெக்ட்ரானிக்ஸ். ஒரே வளையத்தில் பிறந்த இரண்டு நிறங்களுக்கு ஏசி குளிரும் பம்ப் ஆட்டமும் பொது. சேர்ந்தே நகர்வதால் அந்த 350 பெரிதாக மாறுவதில்லை. பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகக் குழு 2016-ல் எதையும் கட்டிப்போடாத ஒரே ஃபைபர் லேசரை வைத்துப் பிகோமீட்டர் நுணுக்கத்தில் அளந்து காட்டியது. இதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. இரண்டு நிறங்களையும் வெளியே அகலப்படுத்தி ஒன்றின்மேல் ஒன்று விழவைக்க வேண்டும். உள்ளே அவை செகண்டுக்கு 350 தடவை ஒன்றையொன்று ஊடுருவிக் கடக்கும்போது என்ன ஆகிறது என்று தனியாகப் பார்க்கவேண்டும். அதைத்தான் செய்யப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை அடுத்த ரிவ்யூ. ஸ்லைடில் நாலை அடித்து இரண்டு என்று போட்டிருக்கிறேன். "போன தடவை நாலுன்னு சொன்னியேப்பா?" என்று கைடு கேட்பார். ஆர்எஃப் படத்தை அடுத்த ஸ்லைடிலேயே வைத்துவிட்டேன் :-)