பாதிப் பாட்டு சபையுடையது

இனி அந்த மாதிரிக் குரல் வராது. பழைய பாட்டுக்காரர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் பித்துக்கொண்ட எங்கள் சின்ன வட்டத்திலும் இதே கதைதான். 2025 ஜனவரியில் சாம் மூர் போனார். அடுத்த மாதமே ராபெர்ட்டா ஃபிளாக். இரண்டு முறையும் கைபேசியில் வந்து விழுந்தது இந்த வாக்கியம். நான் பதில் போடவில்லை. என் பதில் கொஞ்சம் நீளம், ஒரு பத்தி அளவுக்கு.

என் கட்சி இது: குரல்களுக்குப் பஞ்சம் இல்லை, சபைக்குத்தான் பஞ்சம். அந்தக் கால மேடைப் பதிவுகளைப் போட்டுவிட்டு நாம் பெருமூச்சு விடும்போது, மேடையில் நின்ற ஒருவருக்காக ஏங்குவதாக நினைத்துக்கொள்கிறோம். கீழே நின்ற கூட்டத்துக்காகவும் ஏங்குகிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை.

சாம் குக்கிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். 1963 ஜனவரி 12, சனிக்கிழமை இரவு. மயாமியின் கறுப்பினக் குடியிருப்பான ஓவர்டவுனில் ஹார்லெம் ஸ்குவேர் கிளப். குக் அப்போது வானொலியின் செல்லப்பிள்ளை. வழவழப்பான குரல், பதவிசான பாட்டு. வெள்ளைக்கார வீடுகளிலும் தாராளமாக நுழைந்தவர். ஆனால் அவர் தேறியது சோல் ஸ்டிரர்ஸ் என்ற தேவாலயப் பாடல் குழுவில். அந்த இரவு, கிங் கர்டிஸின் சாக்ஸபோன் ஒரு பக்கம் முறுக்கேற்ற, குக் தன் மெருகையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் பாடினார். குரல் கரகரக்கிறது. கத்துகிறார், சிரிக்கிறார். ‘பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ’ பாட்டை எடுப்பதற்கு முன், காதலியோடு சண்டை போட்டுவிட்டுத் தொலைபேசி நிலையப் பெண்ணிடம் இணைப்புக் கேட்டு மன்றாடும் ஆளாக ஒரு குட்டி நாடகமே நடத்துகிறார். ஸ்டூடியோவில் பதிவான அந்தப் பாட்டில் குக்குக்கு எதிர்க்குரல் கொடுப்பவர் லூ ரால்ஸ். மயாமியில் அந்த வேலையைக் கூட்டம் எடுத்துக்கொள்கிறது.

ஆர்.சி.ஏ. நிறுவனத்தார் நாடாவைக் கேட்டுப் பார்த்தார்கள். மிகவும் முரடு, குக்கின் பெயருக்கு ஆகாது என்று அலமாரியில் வைத்துவிட்டார்கள். அடுத்த வருடம் அவர் நியூயார்க்கின் கோபகபானா விடுதியில், இரவு உணவு சாப்பிட வந்த சீமான்கள் முன் பாடியதைத்தான் தட்டாகப் போட்டார்கள். 1964 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தங்கும் விடுதியில் குக் சுடப்பட்டு இறந்தார். வயது 33. மயாமித் தட்டு கடைக்கு வந்தது 1985இல்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதே ஆள்தான், குரலில் குறை சொல்ல முடியாது. ஆனால் கோபகபானாவில் கைதட்டல் பாட்டு முடிந்த பிறகு வருகிறது. மயாமியில் அது பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இந்தப் பழக்கத்தின் ஊற்று தேவாலயம். கறுப்பினச் சபைகளில் போதகர் ஒரு வரி சொன்னால் பெஞ்சுகளிலிருந்து பதில் வரும். வராவிட்டால் அவர் அவசரப்பட்டு அடுத்த வரிக்குப் போக மாட்டார். அதையே வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பார். நம் கச்சேரிகளில் முன்வரிசைக் கிழவர் ஒருவர் சரியான இடத்தில் ‘பலே’ போட்டதும் பாடகருக்குப் புதிதாக ஒரு சங்கதி பிறப்பதைப் பார்த்திருக்கிறோம். அதையே ஆயிரம் பேர் எழுந்து நின்று, நிறுத்தாமல் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ரே சார்ல்ஸும் சாம் குக்கும் செய்த பாவம், கடவுளுக்கு உரிய இந்த ஏற்பாட்டைக் காதலுக்குக் கொடுத்ததுதான். பக்திமான்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் சனிக்கிழமை இரவு கிளப்பில் ஆடியவர்களில் பலர் ஞாயிறு காலை பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். எந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

இதை வியாபாரமாகவும் புரிந்துகொண்டவர் ஜேம்ஸ் பிரவுன். ஹார்லெமின் 125ஆம் தெருவில் உள்ள அப்பல்லோ அரங்கில் தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய வேண்டும் என்று அவர் கேட்டபோது, கிங் ரெக்கார்ட்ஸ் முதலாளி சிட் நேதன் கையை விரித்துவிட்டார். ஏற்கெனவே தட்டாக வந்த பாட்டுகளை, நடுவே ஜனங்கள் கத்துவதோடு சேர்த்து, யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? பிரவுன் தன் கையிலிருந்து 5,700 டாலர் போட்டார். 1962 அக்டோபர் 24 அன்று பதிவானது. மறு வருடம் வெளிவந்து பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறி, 66 வாரம் இருந்தது. வானொலிக்காரர்கள் ஒரு பாட்டைப் பொறுக்கிப் போடாமல் முழுப் பக்கத்தையும் ஓடவிட்டார்கள்.

அந்தத் தட்டின் உச்சம் ‘லாஸ்ட் சம்ஒன்’. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பாட்டாக எழுதிப் பார்த்தால் கால் பக்கம் தேறாது. மீதி நேரமெல்லாம் பிரவுன் அரங்கை வேலை வாங்குகிறார். கத்துங்கள் என்கிறார், கத்துகிறார்கள். போதாது என்கிறார். ஒரு பெண்ணின் அலறல் தனியாக எழும்புகிறது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடிக்குப் போகிறார். சுருதி தவறிய வாத்தியக்காரருக்கும், பாலிஷ் போடாத காலணிக்கும் அபராதம் விதித்த கறார் முதலாளி அவர். அரங்கத்தை மட்டும் அவர் எழுதி வைத்துக்கொண்டு நடத்த முடியாது. அதனால்தான் அங்கே அத்தனை உஷாராக இருக்கிறார்.

போர்வை நாடகமும் இந்த வகைதான். களைத்து மண்டியிட்ட பிரவுனின் தோளில் அறிவிப்பாளர் டேனி ரே ஒரு போர்வையைப் போர்த்தி உள்ளே அழைத்துப்போவார். நாலு அடி நடந்ததும் பிரவுன் அதை உதறிவிட்டு ஒலிவாங்கிக்கு ஓடி வருவார். திரும்ப வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், போகாதே என்று ஒவ்வொரு முறையும் கூட்டம் கெஞ்சியது. கெஞ்சுவதும் பாட்டில் தன் பங்கு என்று அதற்குத் தெரிந்திருந்தது.

1968 ஏப்ரல் 5, பாஸ்டன். முந்தின நாள் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டிருந்தார். பல நகரங்கள் எரிந்துகொண்டிருந்தன. அன்றிரவு நடக்கவிருந்த பிரவுனின் நிகழ்ச்சியை ரத்து செய்யாமல் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பச் செய்தது நகராட்சி. நடுவில் இளைஞர்கள் மேடையில் ஏற, போலீஸ்காரர்கள் பாய, விபரீதம் ஒரு நொடி தூரத்தில் நின்றது. பிரவுன் போலீசாரைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, பையன்களிடம் தானே பேசிக் கீழே இறக்கினார். மற்ற நகரங்களோடு பார்த்தால் பாஸ்டன் அன்றிரவு அமைதியாகவே இருந்தது. கூட்டத்தோடு பேசத் தெரிந்தவர் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அரீத்தா ஃபிராங்க்ளினுக்கு வருவோம். 1972 ஜனவரி 13, 14 தேதிகளில், லாஸ் ஏஞ்சலஸின் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ‘அமேசிங் கிரேஸ்’ பதிவானது. அப்போது அவர் உலகம் அறிந்த நட்சத்திரம், வயது 29. இசைத்தட்டு அந்த வருடமே வந்து அவருடைய தட்டுகளிலேயே அதிகம் விற்றது. படமும் எடுத்தார்கள். இயக்குநர் சிட்னி பொல்லாக். ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் கிளாப் அடிக்க மறந்ததால் படத்தையும் ஒலியையும் பொருத்த முடியாமல் போனது. தொழில்நுட்பம் பின்னால் கைகொடுத்தபோது வழக்குகள் குறுக்கே வந்தன. அரீத்தாவே தடை கேட்டார். 2018 ஆகஸ்டில் அவர் இறந்த பிறகுதான் படம் திரைக்கு வந்தது.

படத்தில் அரீத்தா பாட்டுகளுக்கு நடுவே ஏறக்குறையப் பேசுவதே இல்லை. பேசுவதெல்லாம் போதகர் ஜேம்ஸ் கிளீவ்லேண்டும் கூட்டமும்தான். பாடகர் குழுவில் இருப்பவர்களே பாட்டை விட்டுவிட்டு எழுந்து கையை உயர்த்துகிறார்கள். அரீத்தாவின் தந்தை மேடைக்குப் போய்ப் பாடிக்கொண்டிருக்கும் மகளின் முக வியர்வையைத் துடைத்துவிடுகிறார். பின்வரிசையில் மிக் ஜாகர் நிற்கிறார். கேமரா அவரைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. இசைத்தட்டில் பல வருடம் கேட்ட சத்தங்களுக்கெல்லாம் முகம் கிடைத்தது எனக்கு அந்தப் படத்தில்தான்.

இவ்வளவு உருகிய பிறகு ஒரு கசப்பையும் சேர்க்காவிட்டால் இது வெறும் கொஞ்சலாகிவிடும். அந்தக் கூட்டம் அவ்வளவு நெருக்கமாக நின்றதற்குக் காரணம் அழகானது இல்லை. வேறு அரங்குகளில் அவர்களை விடவில்லை; விட்ட இடத்திலும் தனி வாசல், தனி இருக்கை. மயாமியில் பாடிய அதே 1963இல், லூயிசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் குக்குக்கு ஓட்டல் அறை மறுக்கப்பட்டது. சத்தம் போட்டதற்காகக் கைதானார். காசு விஷயம் அதைவிட மோசம். அரீத்தா முதுமையிலும் சம்பளத்தைப் பாடுவதற்கு முன்பே ரொக்கமாக வாங்கி, அந்தக் கைப்பையைத் தன் கண்பார்வையில் வைத்துக்கொண்டுதான் பாடினார். ஏமாற்றப்பட்ட ஒரு தலைமுறையைப் பார்த்து வளர்ந்தவர் அவர். ஓட்டிஸ் ரெட்டிங் 1967 ஜூனில் மான்டரே விழாவில் வெள்ளைக்கார இளைஞர்களைக் கிறங்கடித்துவிட்டு, அதே டிசம்பரில் ஊர் ஊராகப் பாடப் போகும் வழியில் விஸ்கான்சின் ஏரி ஒன்றில் விமானம் விழுந்து இறந்தார். வயது 26.

ஜாக்கி வில்சன் கதைதான் என்னால் தாண்ட முடியாதது. 1975 செப்டம்பர் 29, நியூஜெர்சியில் லத்தீன் கசினோ. அது பழைய பாட்டுக்காரர்களைக் கூட்டி வந்து நடத்திய பழம்நினைவு நிகழ்ச்சி. ‘லோன்லி டியர்டிராப்ஸ்’ பாடிக்கொண்டிருந்தவர் மாரடைப்பில் விழுந்தார். விழுவதும் மண்டியிடுவதும் அவர் பாணி என்பதால் கூட்டம் ஆரவாரித்தது. அதன்பின் அவர் மேடைக்கு வரவே இல்லை. எட்டு வருடத்துக்கு மேல் படுக்கையில் கிடந்து 1984இல் இறந்தபோது கல்லறைக்குக் கல் வைக்கக்கூட ஆளில்லை. 1987இல்தான் நன்கொடை திரட்டி வைத்தார்கள். பழைய வித்தையை எதிர்பார்த்து வந்த கூட்டத்துக்கு எதிரே இருக்கும் மனிதர் தெரியாமல் போய்விடுகிறது. ஏக்கம் நம் காதை இப்படியும் கெடுக்கும்.

நல்ல சபை எங்கே போனது? சிதறடிக்கப்பட்டது. 1960களில் ஓவர்டவுனின் நடு மார்பில் நெடுஞ்சாலை போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து போனார்கள். பால்டிமோரின் ராயல் அரங்கம் 1971இல் இடிபட்டது, சிகாகோவின் ரீகல் 1973இல். 1969 கோடையில் ஹார்லெம் பூங்காவில் வாரந்தோறும் நடந்த விழாவுக்குச் சுமார் மூன்று லட்சம் பேர் வந்தார்கள். சுமார் நாற்பது மணி நேரத்துக்குப் படமெடுத்தும் வாங்க ஆளில்லை. 2021இல் ‘சம்மர் ஆஃப் சோல்’ வந்த பிறகுதான், மஹாலியா ஜாக்சனும் இளம் மேவிஸ் ஸ்டேப்பிள்ஸும் ஒரே ஒலிவாங்கியில் பாடியதை உலகம் பார்த்தது. அந்தப் படம் பாதி நேரம் காட்டுவது பார்வையாளர்களைத்தான்.

இப்போது அந்தப் பழைய வாக்கியத்துக்கு வருகிறேன். அப்பல்லோவில் 1962இல் ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்த கூட்டத்தில் சார்ல்ஸ் பிராட்லி என்ற சிறுவன் இருந்தான். அக்கா அழைத்துப் போயிருந்தாள். அவன் வளர்ந்து, பல ஊர்களில் சமையல்காரனாக வேலை பார்த்து, இரவுகளில் பிரவுனைப் போல வேஷம் கட்டிப் பாடிக் காலம் தள்ளினான். தன் பெயரில் முதல் இசைத்தட்டு வந்தபோது, 2011இல், அவருக்கு வயது 62. ஷரோன் ஜோன்ஸ் கதையும் இதற்கு அண்ணன் தம்பிதான். ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக வேலை பார்த்தவர். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் முதல் தட்டு. புற்றுநோய் சிகிச்சையில் முடி கொட்டிய தலையோடு, விக் எதுவும் வைக்காமல் மேடையேறி ஆடினார். 2016இல் அவரும், 2017இல் பிராட்லியும் போய்விட்டார்கள்.

ஆக, குரல் வராமல் இருந்ததே இல்லை. ஒன்று சமையலறையில் நின்றது, இன்னொன்று சிறை வாசலில் நின்றது. கேட்க ஆள் சேர்ந்த பிறகு மேடைக்கு வந்தது. இனி வராது என்று அடுத்த முறை யாராவது கைபேசியில் அனுப்பினால் நான் திருப்பிக் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக நீங்கள் எப்போது, யார் பாடும்போது, வாய்விட்டுப் பதில் சொன்னீர்கள்?