‘ஒன்றுமில்லை’ என்னும் விடை

மாரி ஓய்ந்து தை பிறந்த நாட்களில் ஒரு காலை, என் இளமைக்கால நண்பர் ஒருவரைக் குடாநாட்டு வைத்தியசாலையொன்றின் உளவளத்துணைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். அவர் வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் செய்யும் கமக்காரர். மனைவியாரின் ஆட்டைத் திவசம் முடிந்த நாள் தொடங்கி அவருக்கு நெஞ்சு நோ, இரவில் உறக்கமில்லை. இருதயத்தைச் சோதித்த வைத்தியர் அதிற் குற்றமொன்றுங் காணாமையால், உளவளத்துணையாளரைக் காணுமாறு பணித்தார். நான் வெளியே வாங்கில் அமர்ந்திருந்தேன். கால்மணி நேரத்துள் நண்பர் வெளியே வந்துவிட்டார்.

“என்ன கேட்டவை?” என்றேன்.

“மனம் எப்படியிருக்கு எண்டு அந்தப் பிள்ளை கேட்டுது. ஒண்டுமில்லை எண்டன். கவலை ஏதும் இருக்கோ எண்டு கேட்டுது. ஒண்டுமில்லை எண்டன். வேற என்ன சொல்லுறது, பண்டிதர்?”

மறுமுறை வருமாறு குறித்துக் கொடுத்த துண்டை அவர் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். குறித்த நாளில் அவர் போகவில்லை.

இஃது ஒருவர் கதையன்று. உளவளத்துணைத் தொண்டிலீடுபட்ட என் பழைய மாணவர் பலர் இதனையே கூறுகின்றனர். பெண்கள் வருகின்றனர், வந்து பேசுகின்றனர். ஆண்களோ வருவதில்லை, வந்தாலும் ‘ஒன்றுமில்லை’ என்னும் ஒரு சொல்லோடு மீண்டுவிடுகின்றனர். அவ்வொரு சொல்லுக்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று. 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 என உயர்ந்து, உலகின் மிகக் கூடிய வீதங்களுள் ஒன்றாய் நின்றது. கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்ட பின்னர் அது பெரிதுந் தாழ்ந்தது. ஆயினும் இன்றும் இந்நாட்டில் அவ்வாறு உயிர் துறப்போர் நால்வரைக் கொண்டால் மூவருக்கு மேல் ஆண்களே. துயரஞ் சொல்ல வாயில்லாதவரே பெரும்பான்மையும் மாய்கின்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

அங்ஙனமாயின் நம் ஆண்மக்கள் உணர்வில்லாதவர்களா? அல்லர் என்பதே என் துணிபு. உணர்வு உண்டு. அதனை நாம் தேடும் இடத்தில் அஃது இல்லை, அவ்வளவே.

மேலைநாட்டார் இதற்கு ஒரு பெயரிட்டுள்ளனர். பீற்றர் சிஃப்னியோஸ் என்னும் மனநோய் மருத்துவர் 1973 இல், தம் உள்ளுணர்வைச் சொல்லாற் கூற இயலாதாரது நிலையை ‘அலெக்ஸிதைமியா’ என வழங்கினார். உணர்வுக்குச் சொல் இன்மை என்பது அக்கிரேக்கத் தொடரின் பொருள். நோயாளர் சிலருக்கு இது பொருந்தலாம். ஆயின் வாய் திறவாத ஆடவர் அனைவருக்கும் இப்பெயரைச் சூட்டிவிடுதல் பிழையாகும். சொல் இல்லாதவன் வேறு. சொல்ல இடம் பெறாதவன் வேறு.

நம் நாட்டில் இத்துறைக்கு அடியிட்டோருள் ஒருவரான பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் நம் மக்கள் உள்ளத்திற் பொறித்த வடுக்களை 1998 இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரித்துரைத்தார். யாழ்ப்பாணத்து மக்கள் உளத்துயரை உடல்நோவாகவே கொண்டுவந்து வைத்தியர்முன் வைத்தலை அவர் பலகாலும் எடுத்துக்காட்டியுள்ளார். தலையிடி, நெஞ்சு நோ, உடல் உளைவு, பெருமூச்சு என்பனவே அவர்கள் மொழி. இதனை அறியாமையென்று தள்ளுதல் கூடாது. பெருமூச்சு என்னுஞ் சொல்லை ஒரு கிழவர் கூறும்பொழுது, அவர் சுவாசப் பையை மட்டுங் குறிக்கவில்லை என்பது தமிழறிந்தார் எவர்க்கும் விளங்கும்.

ஈண்டு என் தொழிலுக்குரிய நூலொன்றை நினைவூட்ட விரும்புகின்றேன். தொல்காப்பியப் பொருளதிகாரத்தைச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 இல் பதிப்பித்தார். அதன் பின்னான்கியலைப் பழைய உரையாசிரியராகிய பேராசிரியரின் உரையோடும் தம் அரிய குறிப்புகளோடும் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் ஆராய்ந்து உதவ, அது 1943 இல் சுன்னாகத்தில் அச்சேறியது. அந்நான்கனுள் ஒன்று மெய்ப்பாட்டியல். மெய்ப்பாடாவது உள்ளத்து நிகழ்ந்தது உடம்பின்கண் புலப்படுதல். உணர்வைக் காண விரும்புவோன் முதலில் மெய்யை நோக்குக என்பதே அவ்வியலின் அடிப்படை. நெஞ்சு நோகிறதென்ற என் நண்பர், தொல்காப்பியர் நெறிநின்று நோக்கின், ஒன்றுமில்லை என்று கூறவில்லை, எல்லாவற்றையுங் கூறிவிட்டார்.

அவ்வியல் இன்னுமொன்று செய்கிறது. அழுகையை ஒரு பொருளாக விட்டுவிடாமல், அது பிறக்கும் இடங்களை நான்காகப் பகுக்கிறது. பிறரால் எளியனாக்கப்படுதலாகிய இளிவு, உறவையும் உடைமையையும் இழத்தலாகிய இழவு, முன்னை நிலை கெட்டு வேறுபட்டு வருந்துதலாகிய அசைவு, வேண்டுவன துய்க்க இயலாத வறுமை என்பன அவை. கடந்த நாற்பதாண்டு கால நம் ஆடவர் வாழ்வை இந்நான்கனோடு பொருத்திப் பாருங்கள். சோதனைச் சாவடியில் மகன் காண நிறுத்தி வைக்கப்பட்டது இளிவு. 2009 மே மாதத்தில் முடிந்த போர் கொண்டுபோனவை இழவு. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வழி நிறைந்து பெயர்ந்து, சொந்த வளவுக்கு உரியவன் பிறர் விறாந்தையிற் படுத்தது அசைவு. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கு வரிசையில் நின்று, நீர் இறைக்க வழியின்றிப் பயிர் வாடக் கண்டது வறுமை. நான்கும் ஒருவனிடத்தே கூடியுங் கிடக்கும். ‘கவலை உண்டா?’ என்னும் ஒரு கேள்வி இவற்றுள் எதனைத் தொடும்?

ஆண் அழுதல் தமிழ் மரபன்று என்பாரும் உளர். அவர் புறத்திணையை மறந்தார். மனைவியை இழந்த கணவன் நிலைக்குத் தபுதாரநிலை எனத் துறை வகுத்தது நம் இலக்கணம். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்னும் அரசன், தன் பெருங்கோப்பெண்டு ஈமத்தில் வெந்த பின்னும் தான் உயிரோடிருத்தலை எண்ணி நொந்து பாடியது புறநானூற்றில் உளது. பாரி மாய்ந்தபின் கபிலரும், கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபின் பொத்தியாரும் கையற்றுப் பாடினர். அரசனும் புலவனும் அழுதலால் அவர்தம் ஆண்மை குறைந்ததென எவ்வுரைகாரரும் எழுதினாரில்லை.

பின்னர் இம்மௌனம் எங்கிருந்து வந்தது? நம் செத்தவீட்டை எண்ணிப் பாருங்கள். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லுவர். அஃது அவர்க்கு விதிக்கப்பட்ட இடம். ஆண்களோ பந்தலிடவும், பறைக்குச் சொல்லவும், விறகு பார்க்கவும், வந்தோர்க்குக் கதிரை எடுத்துப் போடவும் ஓடுவர். எட்டுச் செலவும் கீரிமலையில் அந்தியேட்டியும் அவர் பொறுப்பே. கடமை அவர் துயரைத் தாங்கிக்கொள்கிறது. கடமை முடிந்த நாளில் துயர் தனித்து எழுகிறது. ஆட்டைத் திவசத்தின் பின்னர் என் நண்பருக்கு நெஞ்சு நொந்ததன் காரணமும் இதுவே. இதன்மேற் போர் ஒரு கல்வி புகட்டியது. அச்சத்தையுஞ் சினத்தையும் முகத்திற் காட்டியவன் மீண்டு வாரான் என அறிந்த இளைஞர், முகத்தை வெறும் பலகையாக்கப் பழகினர். உயிர் காத்த அப்பழக்கத்தைப் போர் முடிந்த மறுநாளே களைந்துவிடு என்றாற் களைய வருமோ? 2017 முதல் காணாமலாக்கப்பட்டோரைத் தேடிக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர்ந்து போராடியோருள் தந்தையரும் இருந்தனர். ஆயினும் நம் செவிக்கு எட்டியது தாயர் குரலே.

இனிச் செய்யத்தக்கது யாது? உளவளத்துணை என்னும் தொடரைப் படைத்தோர் ‘துணை’ என்னுஞ் சொல்லை அதனுள் வைத்தனர். துணையாவது வினாத் தொடுப்பதன்று, உடனிருப்பது. ஆடவர் எதிரெதிர் அமர்ந்து பேசப் பழகியவரல்லர். வாய்க்கால் மாறும்போதும், வேலி அடைக்கும்போதும், தேர்முட்டியில் அமர்ந்து வீதியைப் பார்த்திருக்கும்போதும் பேசுவர். ஆதலின் அவரிடம் மனத்தைக் கேளாது முதலில் மெய்யைக் கேட்க வேண்டும்: நோ எங்கே, எந்நேரத்தில் வருகிறது, அந்நேரத்தில் முன்பு என்ன நடக்கும்? பின்னர் நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். அந்நால்வகை வாயிலில் எது திறக்குமென அறிந்து அதன்வழிச் செல்ல வேண்டும். இடையில் வரும் மௌனத்தை விரட்டலாகாது. பேச இயலாதவன் எழுதலாம். 1986 இல் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் அமெரிக்காவில் மாணவர் சிலரை, தம்மை வருத்திய நிகழ்ச்சி பற்றி நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடமாக நான்கு நாள் எழுதச் செய்தனர். நிகழ்ந்ததையும் அதனால் எழுந்த உணர்வையும் சேர்த்தெழுதியோர் பின்வந்த மாதங்களில் வைத்தியரை நாடியது குறைந்தமை கண்டனர். எழுத்தறிவிற் சிறந்ததென்று பெருமை பேசும் நம் நாட்டுக்கு இஃது எளிதில் ஒல்லும்.

ஒன்று கூற மறத்தல் தகாது. மௌனமெல்லாம் நோயன்று, மண்ணைக் கொத்தியே துயராறும் மனிதரும் உளர். ஆயின் உண்ணாமை, உறங்காமை, ஓயாக் குடி, வாழ்ந்து பயனில்லை என்னும் பேச்சு ஆகியன கண்டவிடத்து வாளாவிருத்தல் பெரும்பிழை. சாக எண்ணுகிறாயா என்று நேரே கேட்டலாற் கேடு விளையாது; கேளாமையால் விளையும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் அத்தகையோர்க்கென உள்ளது.

இவ்வளவும் எழுதுகின்ற என் கையும் தூயதன்று. பல்லாண்டுக்கு முன் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் மேசையில் முகங்கவிழ்த்து அழுதான். “ஆம்பிளைப் பிள்ளை அழுறதே? எழும்படா” என்று அதட்டிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவன் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு செய்யுளைப் பிழையின்றி ஒப்புவித்தான், நானும் மெச்சினேன். அவன் தந்தை கொழும்பில் கைதானார் என்ற செய்தி அன்று காலைதான் வந்ததெனப் பின்னரே அறிந்தேன். மெய்ப்பாட்டியலைப் பயிற்றும் ஆசிரியன் முன்வாங்கில் இருந்த மெய்ப்பாட்டைப் படிக்கவில்லை. ‘ஒன்றுமில்லை’ என்னும் விடையை நம் ஆண்பிள்ளைகள் தாமாகக் கற்பதில்லை. அதற்கு நாமே புள்ளி வழங்குகின்றோம்.

மாசி மாதத்தில் ஒருநாள் நண்பரின் தோட்டத்துக்குச் சென்றேன். வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தார். நானும் வரம்பிற் குந்தியிருந்து தாள்களைச் சேர்த்துப் பிடி பிடியாகக் கட்டினேன். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. “நெஞ்சு நோ எந்நேரம் வாறது?” என்று கேட்டேன்.

“காலமை பத்து மணிக்கு.”

“முந்தி அந்நேரம் என்ன செய்வீர்?”

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். “அவ தேத்தண்ணி கொண்டு வாறவ. படலை திறக்கிற சத்தம் கேட்கும். இப்ப நானே போத்தலிலை கொண்டு வாறன். எண்டாலும் பத்து மணிக்குப் படலையைத்தான் பாக்கிறன்.”

அவர் கண்ணில் நீர் வரவில்லை. அதனை எதிர்பார்த்து நான் இருக்கவுமில்லை. சற்றுப் பொறுத்து, “அந்தப் பிள்ளையிட்டை இதைச் சொல்லலாமோ?” என்றார்.

“இதைத்தான் சொல்ல வேணும்,” என்றேன்.

அடுத்த கிழமை இருவரும் மீண்டும் பேரூந்து ஏறினோம்.