செஞ்சிக்கு டூரிஸ்ட் வந்தாச்சு; கல்லா நிறைவது எங்கே?

செஞ்சிக் கோட்டைக்கு யோகம் அடித்துவிட்டது! 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் அது இடம் பிடித்தது. பட்டியலில் சேர்ந்த மராட்டியர் காலக் கோட்டைகள் 12. அதில் 11 மகாராஷ்டிராவில். தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றுதான்.

இனி ஊருக்கு நல்ல காலம்தானே என்று கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். டூரிஸ்ட் வருவது வேறு. அவர் பணம் ஊரில் தங்குவது வேறு.

போர்டு மூன்று, கம்பெனி ஒன்று

சுற்றுலாத் தொழிலில் பெரிய மீன் சின்ன மீனை விழுங்கி வருகிறது. 2015-ல் தாமஸ் குக் இந்தியா கம்பெனி எஸ்.ஓ.டி.சி.யை வாங்கியது. 2017 ஜனவரியில் மேக்மைட்ரிப், ஐபிபோ குழுமத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ரூம் புக் செய்யும் கோஐபிபோவும், பஸ் டிக்கெட் விற்கும் ரெட்பஸ்ஸும் கூடவே போயின.

பயணிக்கு இதில் சவுகரியம் உண்டு. பஸ், ரூம் எல்லாம் ஒரே இடத்தில் முடிகிறது. அலைச்சல் மிச்சம்.

ஓட்டல்காரர் கதை வேறு. கமிஷன் ஒரு பக்கம். எங்களுக்குத் தரும் ரேட்டைவிடக் குறைத்து வேறு யாருக்கும் தரக் கூடாது என்ற நிபந்தனை இன்னொரு பக்கம். ஓட்டல் சங்கங்களின் சம்மேளனம் புகார் செய்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு ரூ.223 கோடிக்கு மேல் அபராதம் போட்டது.

சம்மேளனம் வைத்திருப்பவர்களுக்கே இந்தப் பாடு. செஞ்சி கடைத்தெரு என்ன செய்யும்?

ஒரு டீ, ஒரு சோடா!

ஊர் இருப்பது திண்டிவனம்–திருவண்ணாமலை ரோட்டில். காலையில் கோட்டை பார்த்தவர், சாயந்திரம் திருவண்ணாமலைக்கோ பாண்டிச்சேரிக்கோ போய்விடலாம். ராத்திரி ரூமும் சாப்பாடும் அங்கே. பேக்கேஜ் போடுகிறவர் செஞ்சிக்கு இரண்டு மணி நேரம் என்று எழுதிவிட்டால், அதுதான் சட்டம். நம்ம ஊருக்கு மிஞ்சுவது ஒரு டீ, ஒரு சோடா!

வழி என்ன? பெரிய கம்பெனிகள் செய்ததை ஊரும் செய்ய வேண்டியதுதான். லாட்ஜ், மெஸ், ஆட்டோ, வழிகாட்டி நாலு பேரும் சேர்ந்து ஒரே ரேட், ஒரே போன் நம்பர் வைக்கட்டும். முதல் நாள் ராஜகிரி, மறுநாள் கிருஷ்ணகிரி என்று திட்டம் போட்டால், வந்தவர் ஒரு ராத்திரியாவது தங்குவார்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதிலால் சேர்த்துக் கட்டியதுதான் செஞ்சிக் கோட்டை. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படைக்கு அது தாக்குப் பிடித்தது. மலை தனித்தனியாக நின்றிருந்தால் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? கடைக்காரர்கள் யோசிக்கட்டும்!