படகை எங்கே நிறுத்துவது?

'திண்டுக்கல்காரனுக்குக் கடலைப் பற்றி என்னய்யா தெரியும்?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும், உப்புக்காற்று முகத்தில் பட நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். குடகனாற்றில் நாலு நாள் தண்ணீர் ஓடினாலே பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஜனங்கள் நாங்கள். படகு என்றால் கொடைக்கானல் ஏரியில் அரை மணி நேரம் பெடல் மிதித்து, முழங்கால் வலியோடு இறங்கி, பஜ்ஜி சாப்பிடுவது. இறங்கின படகை யார் கட்டுகிறார், எங்கே வைக்கிறார் என்று ஒருத்தராவது திரும்பிப் பார்த்ததுண்டா?

ஏரிப் படகு கிடக்கட்டும். உலகத்தையே சுற்றிவிட்டு வருகிற படகை என்ன செய்வார்கள்?

2024 அக்டோபர் 2-ம் தேதி, 'தாரிணி' என்கிற 56 அடி பாய்மரப் படகில் இரண்டே பேர் கோவாவிலிருந்து கிளம்பினார்கள். இருவரும் கடற்படை அதிகாரிகள். கோழிக்கோட்டுப் பெண் தில்னா, நம்ம புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமி. வழியில் நாலே இடத்தில் ஒதுங்கி, 2025 மே 29-ல் கோவா திரும்பினார்கள். 25 ஆயிரம் கடல் மைலுக்கு மேல். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு 55 தடவை போய்த் திரும்புகிற தூரம். நடுவில் விக்கிரவாண்டி டீகூடக் கிடையாது. பசிபிக்கில் 'பாயின்ட் நெமோ' என்று ஒரு இடம் வருகிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் கரையைத் தேடினாலும் 2,600 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்ள, தலைக்கு மேலே விண்வெளி நிலையத்தில் பறக்கிறவர்கள்தான்!

ராணுவ அமைச்சரே வந்து வரவேற்றார். பேப்பரில் போட்டோ வந்தது. நாமும் டீயைக் குடித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பிவிட்டோம்.

தாரிணிக்குக் கவலையில்லை, அரசாங்க உத்தியோகம். 2017-18ல் ஆறு பெண் அதிகாரிகளோடு 254 நாளில் உலகத்தைச் சுற்றின அதே படகுதான் இது. ஆள் மாறும், படகு ஓடும். சொந்தப் படகில் ஊர் சுற்றுகிறவன் பாடுதான் பாடு. மழைக்காலமோ புயல்காலமோ வந்தால் படகை மூட்டை கட்ட வேண்டும்.

முதலில் கிரேன் வைத்துத் தூக்கிக் கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்துகிறார்கள். அடிப்பாகத்தில் அப்பிக்கொண்டிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுகிறார்கள். பாய்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து மடிக்க வேண்டும். உப்பு இருந்தால் ஈரத்தை இழுக்கும், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். இன்ஜினுக்குள் ஓடின கடல் தண்ணீரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். ஆனால் டீசல் டேங்கை மட்டும் காலி செய்யாமல் கழுத்து வரை நிரப்புகிறார்கள்! காலி டேங்கில் காற்றின் ஈரம் தண்ணீராக இறங்கி, டீசலுக்கு அடியில் தங்கி, அங்கே கிருமி குடித்தனம் நடத்துமாம்.

இன்னொரு சங்கதி. படகுக்கு அடியில், இரும்பு, பித்தளைச் சாமான்களுக்குப் பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்தியிருப்பார்கள். கடல் தண்ணீர் உலோகத்தை அரிக்கும் அல்லவா? அந்த அரிப்பையெல்லாம் துத்தநாகம் தன் தலையில் வாங்கிக்கொண்டு கரையும். காற்றாடிக்கு ஒன்றும் ஆகாது. படகு கரையேறியதும் மிச்சமிருக்கிற துண்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுவார்கள். எல்லா ஆபீஸிலும் ஒரு துத்தநாகம் உண்டு. உங்கள் செக்‌ஷனில் யார் என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் என் மாமாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. முப்பது வருஷம் சொந்த லாரி ஓட்டினவர். கண் ஆபரேஷன், சர்க்கரை, பிள்ளைகளின் தொல்லை எல்லாம் சேர்ந்து போன வருஷம் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டன. ஆர்.டி.ஓ. ஆபீஸில் 'ஸ்டாப்பேஜ்' எழுதிக் கொடுத்தார். பேட்டரியைக் கழற்றினார். டயர் தரையில் படாமல் கட்டை கொடுத்து, தார்ப்பாய் போட்டு மூடினார். ஆனாலும் விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறார்.

"ஓடுறப்போ வண்டிக்கு ஒண்ணும் ஆகாது மாப்ளே. நிக்கிறப்பதான் எல்லாம் வரும்" என்றார்.

நிறுத்தி வைக்கக்கூடக் கொடுத்து வைக்க வேண்டும். 2018 செப்டம்பரில் நம் கடற்படையின் அபிலாஷ் டோமி தனியாக உலகம் சுற்றும் பந்தயத்தில் 'துரியா'வில் போனார். தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல். பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் அடி. மூன்று நாள் அசைய முடியாமல் கிடந்தவரை பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. படகைக் கடலிலேயே விட்டுவிட்டுத்தான் வர முடிந்தது. மனுஷன் விடவில்லை. அதே பந்தயத்தில் மறுபடி இறங்கி, 2023 ஏப்ரலில் வேறு படகில் இரண்டாவதாக வந்து நின்றார்.

மாமாவுக்கு ரொம்பப் பிடித்தது 'சுஹைலி' கதைதான். பம்பாயில் நம்ம தச்சர்கள் தேக்கில் இழைத்த 32 அடிப் படகு. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற இங்கிலாந்துக் கப்பல் அதிகாரிக்குச் சொந்தம். 1968-ல் எங்கேயும் நிற்காமல் தனியாக உலகத்தைச் சுற்றும் பந்தயம். கிளம்பினவர்கள் ஒன்பது பேர், முடித்தவர் இவர் ஒருத்தர். 312 நாள்! உலகத்திலேயே முதல் ஆள்.

பிற்பாடு அந்தப் படகுக்கு மரியாதை செய்ய வேண்டாமா? 1997-ல் லண்டன் கிரீன்விச் கடல்சார் மியூசியத்தில் வைத்தார்கள். மழை இல்லை, அலை இல்லை. அளவான சூடு, அளவான காற்று. ராஜ உபசாரம். விளைவு? பலகை காய்ந்து சுருங்க ஆரம்பித்துவிட்டது. மரப்படகு தண்ணீரில் கிடக்கும்போது பலகை ஊறி உப்பி, இடுக்கு தானாக அடைபடும். காய்ந்தால் இடுக்கு வாய் பிளக்கும். தென்கடல் புயல் செய்ய முடியாததை அந்த சொகுசு அறை செய்தது. 2002-ல் அவரே வந்து படகை வெளியே எடுத்தார். ரிப்பேர் செய்து மறுபடி தண்ணீரில் இறக்கினார்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஆளுக்கு அப்ப என்ன வயசு?" என்று கேட்டார்.

"அறுபதுக்குப் பக்கம் மாமா."

மறுநாள் தார்ப்பாயைக் கழற்றியாயிற்று. பேட்டரி சார்ஜுக்குப் போயிருக்கிறது. எஃப்.சி. எடுக்க எவ்வளவு ஆகும் என்று பைபாஸ் ரோடு மெக்கானிக்கிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அத்தை என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது.