நெஞ்சுவலி விடியும்வரை காத்திருக்காது



ராத்திரி நேரம். வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். உடம்பெல்லாம் வியர்வை. நம் லயங்களில் உடனே என்ன சொல்கிறோம்? "வாயுதான், தைலம் தேச்சுப் படு, காலையில டிரஸ்ஸர்கிட்ட காட்டிக்கலாம்." இந்த ஒரு பேச்சால் போன உயிர்கள் கொஞ்சமா?

மாரடைப்பு என்பது என்ன? இருதயமும் ஒரு தசைதான். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தம் உறைந்து, கட்டியாகி அடைத்துக்கொள்கிறது. ரத்தம் கிடைக்காத தசை ஒரே நொடியில் செத்துவிடுவதில்லை. அரைமணி நேரம்போல் ஆனதும் சாகத் தொடங்கி, அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. செத்த தசை மறுபடி முளைக்காது. உயிர் பிழைத்தவர்களில் சிலர் நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறார்களே, அதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே வைத்தியத்தின் முதல் வேலை, அடைப்பைத் திறப்பது. கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்து உண்டு. இத்தாலியில் 11,000-க்கு மேற்பட்ட நோயாளிகளைக்கொண்டு இதை ஆராய்ந்து, முடிவை 1986-இல் வெளியிட்டார்கள். வலி கண்ட ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களிடையே சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆறு மணி நேரம் கழித்து வந்தவர்களுக்கு அவ்வளவாகப் பலன் தெரியவில்லை. மருந்து ஒன்றேதான், மாறியது நேரம்!

17,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்து 1988-இல் வெளியான இன்னொரு ஆராய்ச்சியில், மலிவான ஆஸ்பிரின் மாத்திரை மட்டுமே ஐந்து வாரத்துச் சாவை 23 விழுக்காடு குறைத்தது. இரண்டு மருந்தும் சேர்ந்தபோது 42 விழுக்காடு குறைந்தது.

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் குழாய்க்குள் கம்பி செலுத்தியே அடைப்பை நீக்குகிறார்கள். சீக்கிரம் செய்ய முடிந்தால் அதுவே மேல். அந்த வசதி தூரமாக இருக்கும் இடங்களில் கட்டி கரைக்கும் ஊசிதான் கைகொடுக்கிறது. எதுவானாலும் முதல் 12 மணி நேரத்துக்குள், அதிலும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது.

அப்படியானால் என்ன செய்வது? நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி அதிகம் தெரியாமலும் வரலாம். நோயாளியை நடக்கவிடாதீர்கள். ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள்; கொடுக்கச் சொன்னால் மென்று விழுங்கவேண்டும். அது ஒவ்வாதவர்களும், வயிற்றில் ரத்தப்போக்கு உள்ளவர்களும் தொடக்கூடாது. பனடோல் வேறு, ஆஸ்பிரின் வேறு. மாற்றிக் கொடுத்துப் பயனில்லை. செம்பனைக்குள் வழி தெரியாமல் ஆம்புலன்ஸ் சுற்றாதபடி, ஓர் ஆளை விளக்குடன் மெயின் ரோட்டுச் சந்தியில் நிறுத்துங்கள்.

வீடு திரும்பிய பிறகு, இருதயத்தின் பாரத்தைக் குறைக்கவும், கொழுப்பை இறக்கவும், மறுபடி கட்டி உறையாமல் தடுக்கவும் டாக்டர் மாத்திரைகள் தருவார். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள். மிஞ்சிய தசையைக் காப்பது அவைதான்.

நம் ஜனங்களின் அறியாமையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். ராத்திரியில் வண்டி கிடைக்காத டிவிஷனில் அறிவு மட்டும் இருந்து என்ன பயன்? மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. நோயாளி லயத்தில் இருக்கிறான். நடுவில் இருக்கும் சாலையும் வண்டியும் நிர்வாகத்தின் பொறுப்பு. இரவில் வண்டி ஓட்டுபவர் யார், அவருடைய எண் என்ன, கேட்டுச் சாவி யாரிடம் என்பதைப் பெரட்டுக்களத்துப் பலகையில் எழுதி வைக்கவேண்டும். சம்பளத்தைப்போல் இதையும் நாம் கேட்டுப் பெறவேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்திலேயே இந்தக் கோரிக்கையை எழுப்புங்கள், தோழர்களே!